கணியம்பாடிப் பதிவேடு: வேலூர் வட்டாரத்தில் இளையோர் தற்கொலைத் தடுப்பின் வரலாறு

'தீராத வயிற்று வலியால்' என்ற தொடர் தமிழ் நாளிதழ்களின் தற்கொலைச் செய்திகளில் நெடுங்காலமாகப் புழங்குகிறது. இறந்தது இளம்பெண்ணாக இருந்தால் வீட்டார் பெரும்பாலும் அதையே சொல்வார்கள். அதற்கு மேல் யாரும் துருவ மாட்டார்கள். தற்கொலை முயற்சியே குற்றம் என இந்திய தண்டனைச் சட்டத்தின் 309ஆம் பிரிவு சொன்ன காலத்தில், ஸ்டேஷனுக்கு அலைய அஞ்சிச் சாவின் காரணத்தையே மாற்றிச் சொன்ன குடும்பங்களும் உண்டு. அரசுக் கணக்கு குறைவாக நின்றதில் வியப்பில்லை.

இந்தத் திரையை விலக்கியது வேலூரை ஒட்டிய கணியம்பாடி ஒன்றியம். அங்கே கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் சமுதாய நலத்துறை ஊருக்கு ஊர் சுகாதாரப் பணியாளர்களை வைத்திருந்தது. அந்தந்த ஊரிலேயே குடியிருக்கும் பெண்கள் அவர்கள். எந்த வீட்டில் சாவு என்பது அவர்களுக்கு உடனே தெரியும். அவர்கள் தரும் தகவலைச் செவிலியரும் பிறகு மருத்துவரும் வீட்டாரிடம் பேசிச் சரிபார்த்தனர். கேட்டவர் போலீஸ் அல்ல என்பதால் உண்மை வெளிவந்தது. 1994 முதல் 1999 வரையிலான பதிவுகளின்படி, ஆண்டுக்கு லட்சம் பேரில் சுமார் 95 பேர் தற்கொலையால் இறந்தனர். தேசியக் கணக்கைப்போல் இது எட்டு, பத்து மடங்கு. 2004இல் லான்செட் இதழில் வந்த ஆய்வு 10 முதல் 19 வயதினரை மட்டும் பார்த்தது: லட்சத்துக்குப் பெண்கள் 148, ஆண்கள் 58. அந்த வயதுப் பெண்களின் இறப்புகளில் பாதிக்கு மேல் தற்கொலை.

காரணம் என்ன? அதே ஒன்றியத்தில் நடந்து 2010இல் வெளியான ஆய்வில், இறந்தவர்களில் 37 விழுக்காட்டினருக்கே மனநோய் இருந்ததாகத் தெரிந்தது. மேலை நாட்டு ஆய்வுகள் சொல்லும் 90 விழுக்காடு எங்கே, இது எங்கே! ஓயாத மன உளைச்சல், தனிமை, உறவு முறிவு ஆகியவற்றோடு நாள்பட்ட உடல் வலியும் காரணிகளில் ஒன்றாக வந்தது. வயிற்று வலிக் கதை எல்லா வீட்டிலும் சாக்குப்போக்கு அல்ல போலும்.

ஆகவே மருத்துவமனையை மட்டும் நம்பிப் பயனில்லை என்பது என் கருத்து. வேலூர் பாகாயத்தில் 1957இல் தொடங்கிய அக்கல்லூரியின் மனநல மையம், நோயாளியுடன் குடும்பத்தாரையும் தங்கவைத்துப் புதுவழி காட்டியது உண்மை. ஆனால் அந்த வாசலுக்கு வராதவர்களே இறந்தவர்களில் அதிகம். சாகும் வழியை எட்டாமல் வைப்பது வேறு வகைத் தடுப்பு. கொடிய பூச்சிமருந்துகளை 1995இலிருந்து தடைசெய்த இலங்கையில், பத்தாண்டுகளில் தற்கொலை விகிதம் பாதியாகக் குறைந்தது. சென்னையில் 1986இல் மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமார் தொடங்கிய சிநேகா அமைப்பு, காது கொடுத்துக் கேட்கும் தன்னார்வலர்களைத் திரட்டியது. 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், தற்கொலைக்கு முயன்றவர் கடும் உளைச்சலில் இருந்ததாகவே கொள்ள வேண்டும் என்றது. 2022 முதல் 14416 என்ற இலவச எண்ணில் அரசின் தொலைபேசி மனநலச் சேவையான டெலி மனாஸ் தமிழிலும் பேசுகிறது.

ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைத் தோல் தொழில் பகுதியில் தடுப்பின் அடுத்த கட்டம் ஷூ கம்பெனிகளில்தான் தொடங்க வேண்டும். சுற்றுக் கிராமங்களின் இளம்பெண்கள் பகல் முழுதும் இருக்குமிடம் அது. வீட்டுக்கு வரும் சுகாதாரப் பணியாளர் அந்நேரம் அவர்களைப் பார்க்க முடியாது. 500 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் ஆலைக்கு நல அலுவலர் கட்டாயம் என்று 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டமே விதித்தது. கணியம்பாடிப் பணியாளரைப்போல் வீட்டு நிலவரம் அறிந்து காதுகொடுத்துக் கேட்க இவருக்கும் பயிற்சி தரலாம். ஒன்று மட்டும் கட்டாயம்: அவரிடம் ஒரு பெண் சொல்வது சூப்பர்வைசர் காதுக்கும் வீட்டார் காதுக்கும் போகக் கூடாது.