எருமைத் தோலும் கவலைச் சாலும்

எருமைக் கன்றுக்கு உடம்பெல்லாம் மயிர். வளர வளரக் கலைந்துபோகும். மயிர்க்கால்கள் கூடுவதில்லை, தோல் விரிய விரிய இடைவெளிதான் கூடுகிறது. நுண்ணோக்கியில் எண்ணியவர்கள் எழுதிவைத்தது இது.

எங்க தாத்தா எண்ணவில்லை. சுண்ணாம்புக் குழியில் ஊறிய தோலைச் சுரண்டும்போது, "வயித்துப் பக்கம் மயிரும் கம்மி, தோலும் மெல்லிசு. கத்திய லேசாப் போடுடா. முதுகுத் தோலு சாலுக்கு" என்பார்.

1903இல் சென்னைக் கலைப் பள்ளியில் சாட்டர்டன் துரை குரோம் பதனிடலில் இறங்கியதும் கவலைச் சாலுக்காகத்தான். அவர் பெயர் நூல்களில் இருக்கிறது. 1948இல் அடையாறில் தோல் ஆராய்ச்சி நிலையமும் வந்தது. அதற்கெல்லாம் முன்பே ஆவாரம்பட்டையில் ஊறவைத்துச் சால் தைத்தவர்களுக்கு ஊர் வைத்த பெயர் வேறு. அவர்கள் தைத்த சால் கிணற்றுக்குள் இறங்கும், அவர்கள் இறங்கக்கூடாது.