ஆறு பென்ஸும் ஒரு சுற்றுமடலும்

1889 ஆகஸ்ட். லண்டன் துறைமுக வாயிலில் தினமும் காலையில் கூட்டம் முண்டியடிக்கும். மேஸ்திரி கைகாட்டியவனுக்கு வேலை. மற்றவன் வெறுங்கையோடு வீடு திரும்புவான். உள்ளே போனவனையும் ஓரிரு மணி நேரத்தில் வெளியே அனுப்பிவிடலாம். அந்தக் கூலிகள்தான் மணிக்கு ஆறு பென்ஸ் கேட்டு வேலையை நிறுத்தினார்கள். இரு தரப்புக்கும் இடையே நடையாய் நடந்து சமரசம் பேசியவர் கர்தினால் மானிங். அப்போது அவருக்கு வயது 81. ஆறு பென்ஸ் கிடைத்தது.

அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன், அமெரிக்கத் தொழிலாளர் அமைப்பான 'நைட்ஸ் ஆஃப் லேபர்' மீது தடை போட வேண்டாம் என்று கர்தினால் கிப்பன்ஸ் ரோமுக்கே போய் வாதாடியிருந்தார். அந்த வாதத்துக்குச் செவிசாய்த்தவர் திருத்தந்தை பதின்மூன்றாம் லியோ. லியோ என்ற பெயரைத் தமிழ்க் கத்தோலிக்கர்கள் சிங்கராயர் என்பார்கள். 1870இல் திருச்சபை தன் அரசையும் நிலத்தையும் இழந்துவிட்டது. வத்திக்கானை விட்டு அவர் வெளியே வருவதில்லை. ஆள நாடில்லாமல் போனதாலேயே அவர் சொல்லுக்குக் கனம் கூடியது என்றே நான் நினைக்கிறேன்.

1891 மே 15. தாமும் 81 வயதை எட்டியிருந்த லியோ, 'ரேரும் நோவாரும்' என்ற சுற்றுமடலை வெளியிட்டார். சொத்துரிமையை அது காத்தது, சோஷலிசத்தை மறுத்தது. முதலாளிகள் மகிழ்ந்திருக்கலாம், கூலிப் பகுதிக்கு வரும்வரை. கூலியாள் சம்மதித்த தொகையைக் கொடுத்துவிட்டால் கணக்குத் தீர்ந்தது என்பதுதான் அன்றைய நியாயம். லியோ அதை ஏற்கவில்லை. வயிற்றுப்பாட்டுக்காக, இதைவிட மோசமானது வந்துவிடுமோ என்ற பயத்தில் ஒருவன் தலையாட்டினால் அது சம்மதமே அல்ல, அவனுக்கு இழைக்கப்படும் அநீதி என்றார். சிக்கனமாக வாழ்பவனின் பிழைப்புக்குக் கூலி போதவேண்டும். சங்கம் சேர்வது அவன் இயற்கை உரிமை. கம்யூனிஸ்ட் அறிக்கை வந்து 43 ஆண்டுகள் கழித்து இவ்வளவுதானா என்று கேட்டவர்கள் உண்டு. தாமதம்தான். ஆனாலும் சங்கத்தில் சேர்ந்தால் பாவமோ என்று தயங்கிய கத்தோலிக்கத் தொழிலாளிக்கு அது பெரிய விடுதலை.

2025 மே 8இல் திருத்தந்தையான ராபர்ட் பிரிவோஸ்ட், சிகாகோவில் பிறந்து பெருவில் பல ஆண்டுகள் பணியாற்றியவர், பதினான்காம் லியோ என்ற பெயரைத் தேர்ந்தார். இரண்டு நாள் கழித்துக் கர்தினால்களிடம் காரணத்தையும் சொன்னார்: அன்று தொழிற்புரட்சி, இன்று செயற்கை நுண்ணறிவு, மனித மாண்புக்கும் நீதிக்கும் உழைப்புக்கும் மறுபடி சோதனை.

இடையில் 1931இல், ஊர் ஊராக ஆலைகள் மூடிக்கிடந்த வேளையில், பதினோராம் பயஸ் இதே மடலைத் திரும்பக் கையில் எடுத்தார். அந்தக் கதை அடுத்த வாரம்.