மணற்கரையில் ஒரு மாணாக்கர் பரம்பரை

சென்னைக்குத் தெற்கே, நீலாங்கரையில் தொடங்கிப் பெசன்ட் நகரில் முடியும் சுமார் 7 கிலோமீட்டர் மணற்பரப்பில், தை பிறந்தது முதல் சித்திரையின் முற்பகுதி வரையில், நள்ளிரவை ஒட்டிப் புறப்பட்டு விடியற்காலையில் போய்ச் சேரும் ஒரு நடை ஆண்டுதோறும் நிகழ்ந்து வருகிறது. நடக்கிறவர்களில் பெரும்பாலோர் கல்லூரி மாணாக்கர். கரையேறி முட்டையிட்டுவிட்டுக் கடலுக்குத் திரும்பிய ஆமை மணலில் விட்டுச் சென்ற தடத்தைத் தேடியே அவர்கள் நடக்கிறார்கள். கோட்டைகளையும் கோயில்களையும் சங்கீத சபைகளையும் கொண்டு தன் சரித்திரத்தை எழுதிக்கொள்ளும் இந்நகரத்தில், அரை நூற்றாண்டுப் பழமையுள்ள இவ்வழக்கத்துக்கு உரிய இடம் இன்னும் அளிக்கப்படவில்லை. பருவநிலை மாற்றத்தைப் பற்றி இளைஞருக்கு எவ்வாறு கற்பிப்பது, கற்றதைச் செயலாக்க அவர்களை எவ்வாறு தூண்டுவது என்று அரசாங்கங்களும் கல்விக்கூடங்களும் ஆலோசித்து வரும் இந்நாளில், அக்கேள்வி எழுவதற்கு முன்பே அதற்கு ஒரு விடையை நடந்து காட்டிய இம்மாணாக்கர் பரம்பரையின் வரலாற்றைச் சற்று விரிவாக நினைத்துப் பார்ப்பது பயனுடையது என்று கருதுகிறேன்.

இக்கரைக்கு வரும் ஆமையை மீனவர்கள் பங்குனி ஆமை என்பார்கள். கடலாமை இனங்களுள் அது சிறியது. ஆழ்கடலில் திரியும் பெண்ணாமை, முட்டையிடும் பருவத்தில் மட்டும் இரவு வேளையில் கரையேறி, அலை எட்டாத மேட்டைத் தேர்ந்து, பின்துடுப்புகளால் மணலைப் பறித்து, வாய் குறுகி அடி அகன்ற குழியொன்றைச் சுமார் ஒன்றரை அடி ஆழத்துக்குத் தோண்டி, அதில் 100-க்கு மேற்பட்ட முட்டைகளை இட்டு மூடி, தன் உடலாலேயே மணலை அமுக்கிச் சமன் செய்துவிட்டுத் திரும்பிப் பாராமல் கடலில் இறங்கிவிடுகிறது. அதன்பின் 45 முதல் 60 நாள் வரையில் முட்டைகளைப் பேணுவது மணலின் வெப்பமும் ஈரமுமே. பொரிந்த குஞ்சுகள் இரவில் ஒருசேர மேலே வந்து, நீர்ப்பரப்பின்மேல் தோன்றும் மெல்லிய வெளிச்சத்தை நோக்கி ஓடுகின்றன. குப்பங்கள் சிறியனவாகவும் நகரம் தொலைவிலும் இருந்த காலத்தில், மனிதர் முட்டைகளை எடுத்து உண்டும் விற்றும் வந்தபோதிலும், எஞ்சியவற்றைக் கொண்டு இந்த இனம் தன்னைக் காத்துக்கொண்டது. நகரம் தெற்கு நோக்கிப் பரவி, கரையோரம் வீடுகளும் தெருவிளக்குகளும் பெருகி, விசைப்படகுகளின் இழுவலைகள் கரைக்கு அண்மையிலேயே கடலடியைத் துழாவத் தொடங்கிய பிற்பாடுதான் அந்தச் சமநிலை குலைந்தது.

குலைவை முதலில் கவனித்தவர்களுள், கிண்டியில் பாம்புப் பண்ணையை நிறுவிய ராமுலஸ் விட்டேக்கர் முக்கியமானவர். 1970-களின் தொடக்கத்தில் அவரும் அவரைச் சூழ்ந்திருந்த இளைஞர் குழாமும், பாம்பைப் பற்றிய அச்சத்தைப் போக்கும் பணியோடு நின்றுவிடாமல், இரவு நேரங்களில் கடற்கரையில் நடந்து ஆமை முட்டைகளைத் தேடி எடுத்து, வேலியிட்ட மணற்பொரிப்பகத்தில் புதைத்துக் காக்கும் முயற்சியைத் தொடங்கினார்கள். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972-இல் பிறந்தது. கடலாமைகள் அதன் முதல் அட்டவணையில் இடம்பெற்றது 1977-இல்தான். ஆகவே சட்டத்தின் முழுப் பாதுகாப்பு வந்து சேர்வதற்கு முன்பாகவே இளைஞரின் கால்கள் அக்கரைக்கு வந்துவிட்டன என்பது நினைவில் வைக்கத்தக்கது.

அக்குழாத்தில் உருவான இருவரைச் சொல்லாமல் மேலே செல்ல மனம் வரவில்லை. ஒருவர், சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் பொறியியல் பயில வந்து, வகுப்பறையைக் காட்டிலும் கடலையே தம் ஆசிரியனாக வரித்துக்கொண்ட சதீஷ் பாஸ்கர். இந்தியாவின் கரைகளிலும் தீவுகளிலும் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தனியாக நடந்து, எங்கெங்கே எவ்வகை ஆமை முட்டையிடுகிறது என்ற ஞானத்தை நாட்டுக்கு முதன்முதலாக ஈட்டித் தந்தவர் அவர். 1982-ஆம் ஆண்டின் மழைக்காலத்தில், எந்தப் படகும் அணுக முடியாத மாதங்களிலேயே பேராமைகள் முட்டையிடும் என்பதனால், லட்சத்தீவைச் சேர்ந்த ஆளில்லாத சுஹேலித் தீவில் ஐந்து மாதம் தன்னந்தனியே தங்கினார். அப்பொழுது மனைவிக்கு எழுதிக் கண்ணாடிக் குப்பியில் அடைத்துக் கடலில் விட்ட கடிதமொன்று, இலங்கைக் கரையில் ஒரு மீனவர் கையில் கிடைத்து, அவரால் அஞ்சலில் சேர்க்கப்பட்டு உரியவரை அடைந்தது. மற்றவர், கல்லூரியில் படிக்கும்போதே பாம்புப் பண்ணையில் தொண்டு செய்ய வந்த விஜயா. எழுபது ஆண்டுகளாக ஆராய்ச்சியாளர் கண்ணில் படாதிருந்த ஒரு காட்டாமையை 1982-இல் கேரளக் காடுகளில் மீண்டும் கண்டறிந்த அப்பெண்மணி, இளமையிலேயே மறைந்தார். 2006-இல் அந்த ஆமையின் பேரினத்துக்கு ‘விஜயாகெலிஸ்’ என்று அவர் பெயரே சூட்டப்பட்டது. இவ்விருவரின் தகுதியையும் அளந்தது எந்தப் பரீட்சையும் அன்று. சிறு வயதில் ஒரு பொறுப்பு அவர்கள் கையில் ஒப்படைக்கப்பட்டது, அப்பொறுப்பே அவர்களை ஆராய்ச்சியாளராக்கிற்று.

பாம்புப் பண்ணைக் குழாத்தின் முயற்சிக்குப் பிறகு மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையமும், அதன்பின் மாநில வனத்துறையும் சில ஆண்டுகள் பொரிப்பகங்களை நடத்தின. 1980-களின் பிற்பகுதியில் அது நின்றுபோனபோது, நின்றதை எடுத்து நடத்த முன்வந்தவர்கள் மாணாக்கரே. 1988-இல் அவர்கள் கூடி அமைத்த கூட்டமைப்புக்கு, மாணவர் கடலாமைப் பாதுகாப்பு வலையமைப்பு என்று தமிழில் சொல்லத்தக்க பெயரை வைத்தார்கள். அதை நிறுவியவர்களுள் ஒருவரான கார்த்திக் சங்கர், பிற்காலத்தில் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் பேராசிரியராகி, இந்தியக் கடலாமைகளின் வரலாற்றை 2015-இல் நூலாகவே எழுதினார். பூமி வெப்பமடைவதைப் பற்றிய ஆராய்ச்சிகளைத் தொகுத்து உலக அரசாங்கங்களுக்கு உரைப்பதற்காகப் பருவநிலை மாற்றத்துக்கான அரசுகளுக்கிடையேயான குழுவை ஐக்கிய நாடுகள் அமைப்பு உருவாக்கியதும் அதே 1988-இல்தான். ஜெனீவாவில் கூடிய அறிஞர்களும் நீலாங்கரையில் நடந்த மாணாக்கரும் ஒருவரையொருவர் அறிந்திலர். எனினும் அவர்கள் தொட்ட விஷயம் ஒன்றே என்பது பின்னர் தெளிவாயிற்று.

அது தெளிவான விதத்தைச் சொல்வதற்கு முன், அந்த நடையில் கற்றுக்கொள்வது என்ன என்பதைக் கூற வேண்டும். இருட்டில் விளக்கில்லாமல் நடக்கப் பழகிய கண்ணுக்கு, ஆமையின் தடம் நீர்விளிம்பிலிருந்து மேடு நோக்கிச் சென்று திரும்பும் இரட்டைக் கோடாகத் தெரியும். இரண்டும் கூடும் இடத்தில் கலைந்திருக்கும் மணலை மெல்லக் குத்திப் பார்த்து, அடியில் மணல் இறுகாமல் நெகிழும் இடத்தைக் கண்டுகொண்டு, கையால் மட்டுமே தோண்ட வேண்டும். எடுத்த முட்டையைப் புரட்டலாகாது. இட்ட சில மணி நேரத்தில் உள்ளிருக்கும் கரு ஓட்டின் மேற்பகுதியில் ஒட்டிக்கொள்வதால், புரட்டினால் அது இறந்துபடும். பொரிப்பகத்தில் தோண்டும் குழியும் தாயாமை தோண்டியதைப் போன்ற ஆழமும் வடிவமும் உடையதாக இருக்க வேண்டும். கண்ட நாள், நேரம், இடம், முட்டைகளின் எண்ணிக்கை, பின்னர் பொரிந்தவற்றின் எண்ணிக்கை ஆகிய அனைத்தும் குறிப்பேட்டில் ஏற வேண்டும். இவற்றையெல்லாம் சென்ற ஆண்டு கற்றவர் இவ்வாண்டு வந்தவருக்குச் சொல்லிக்கொடுக்கிறார். படிப்பு முடிந்து அவர் உத்தியோகத்துக்குச் செல்லும்போது, அவரிடம் கற்றவர் அடுத்த ஆண்டு ஆசிரியராகிறார். தலைமுறை என்பது இங்கே மூன்று நான்கு ஆண்டுகளே. ஆயினும், குருவிடமிருந்து சீடனுக்குச் சங்கீதம் வருவதைப் போல அந்த வித்தை அறுபடாமல் வந்திருக்கிறது.

இனி, வெப்பத்தின் விஷயம். ஆமைக் குஞ்சு ஆணா பெண்ணா என்பதைத் தீர்மானிப்பது பெற்றோரிடமிருந்து பெறும் வித்தன்று, கரு வளரும் காலத்தின் நடுப்பகுதியில் மணலில் நிலவும் உஷ்ணமே என்ற உண்மை, கடலாமைகளைப் பொறுத்தவரையில் 1980-ஐ ஒட்டிய ஆண்டுகளில் உறுதிப்பட்டது. ஏறத்தாழ 29, 30 பாகை செல்சியஸ் அளவில் இருபாலும் கலந்து பிறக்கும். மணல் அதனினும் குளிர்ந்தால் ஆண்கள் மிகும், வெப்பமுற்றால் பெண்கள் மிகும். வெப்பம் மேலும் ஏறினால் கருவே கருகிவிடும். பொரிப்பகத்தில் முட்டைகளைக் குளிர்ந்த பெட்டிகளில் வைத்துக் காப்பவர்கள், தாம் அறியாமலே குஞ்சுகளின் பால்விகிதத்தை மாற்றிவிடுகிறார்கள் என்று நிக்கோலஸ் மிரொசோவ்ஸ்கி முதலிய அறிஞர்கள் அப்பொழுதே எச்சரித்தார்கள். பூமியே வெப்பமடையும்போது அம்மாற்றம் பெட்டிக்குள் நிற்பதில்லை, கரை முழுவதற்கும் பரவுகிறது. ஆஸ்திரேலியாவின் பெரும் பவளத்திட்டின் வடபகுதியில் பிறந்த இளம் பேராமைகளுள் 100-க்கு 99 பெண்களே என்று 2018-இல் வெளிவந்த ஆராய்ச்சி காட்டிற்று. ஆண்கள் அருகினால் அடுத்த தலைமுறை எங்கிருந்து வரும்? உலகின் பல பொரிப்பகங்களில் இன்று நிழற்பந்தல் இட்டு மணலைக் குளிர்விக்க முயல்கிறார்கள் என்றால், அது இந்தக் கவலையினால்தான். பங்குனி வெயிலில் காய்ந்த மணலின் சூட்டை நள்ளிரவிலும் உள்ளங்காலில் உணர்ந்து நடக்கும் மாணாக்கனுக்கு, ஒரு பாகை உஷ்ணம் உயர்வதன் பொருளை விளக்கத் தனிப் பாடம் தேவைப்படுவதில்லை; தான் அன்றிரவு கையால் புதைத்த முட்டையின் கதி அந்த ஒரு பாகையைப் பொறுத்தது என்பது அவனுக்குப் பிரத்தியட்சம்.

ஏட்டுக் கல்வி இதே காலத்தில் வேறு வழியில் வந்துகொண்டிருந்தது. சுற்றுச்சூழல் கல்வியைப் பற்றி அரசாங்கங்கள் கூடிப் பேசிய முதற்பெரும் மாநாடு 1977-இல் டிபிலிசி நகரில் நடந்தது. எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் 1991 நவம்பரில் தீர்ப்பளித்த நம் உச்ச நீதிமன்றம், பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் சுற்றுச்சூழலைக் கட்டாயப் பாடமாக்கப் பணித்தது. 1992-இல் உருவான ஐக்கிய நாடுகளின் பருவநிலை உடன்படிக்கையும், தன் ஆறாவது விதியில், கல்வியையும் பயிற்சியையும் பொதுமக்கள் பங்கேற்பையும் நாடுகளின் கடமையாக்கிற்று. இவை அனைத்தும் போற்றத்தக்கவை. ஆயினும் பாடமானது பரீட்சை வினாவாகிவிட்ட இடங்களில், மாணாக்கன் மனப்பாடம் செய்து எழுதிவிட்டு மறந்து போவதையும் நாம் கண்டிருக்கிறோம். அறிவு வேண்டியதே; அது ஊன்றி நிற்க ஓர் இடமும், திரும்பத் திரும்பச் செய்ய ஒரு காரியமும் கூடவே வேண்டும்.

கரை என்பது நகரத்து மாணாக்கருக்கு மட்டும் உரியதன்று. அதில் பிறந்து வளர்ந்தவர்கள் மீனவக் குடும்பங்களின் பிள்ளைகள். கடலின் நீரோட்டத்தையும் காற்றையும் நூல்களின் துணையின்றி அறிந்த அப்பிள்ளைகளே கரைக்குச் சிறந்த காவலர் என்பதை உணர்ந்து, அவர்களைத் திரட்டிப் பயிற்றும் பணியைச் சுப்ரஜா தாரிணி 2002-இல் தொடங்கிய ட்ரீ அறக்கட்டளை செய்து வருகிறது. முட்டையை உண்டவர்களின் பேரப்பிள்ளைகள் முட்டையைக் காப்பவர்களாக மாறியிருப்பது, எந்தச் சட்டமும் தானாகச் சாதித்திருக்க முடியாத மாற்றம்.

இவ்வளவு உழைப்பும் அபாயத்தை நீக்கிவிடவில்லை. 2025 ஜனவரியில் சென்னைக் கரையோரத்தில் மட்டும் ஆயிரத்துக்கு மேற்பட்ட பங்குனி ஆமைகள் இறந்து ஒதுங்கின. முட்டையிடும் பருவத்தில் கரையிலிருந்து 5 கடல் மைலுக்குள் விசைப்படகுகள் இழுவலை வீசலாகாது என்ற ஆணை இருந்தும், வலையில் அகப்பட்டு மூச்சுமுட்டி இறந்தவையே அவற்றுள் பெரும்பாலானவை என்று கருதப்பட்டது. பொரிப்பகத்தில் காக்கப்படும் குஞ்சு கடலில் இறங்கிய பின், அதன் ஆயுள் மீன்பிடிச் சட்டத்தின் அமலையும், துறைமுகங்களால் அரிக்கப்படும் கரையையும், அணைக்கப்படாத தெருவிளக்கையும், புகைபோக்கிகளையும் பொறுத்ததாகிவிடுகிறது. நகரத்தின் வடகோடியில் எண்ணூரில் நிலக்கரியை எரித்து வந்து, 2017-இல் மூடப்பட்ட அனல்மின் நிலையம் இயங்கத் தொடங்கியது 1970-இல். தென்கோடியில் இளைஞர் ஆமைத் தடத்தைத் தேடத் தொடங்கியதும் அதே பத்தாண்டில்தான். வடக்கே எழும் புகைக்கும் தெற்கே சூடேறும் மணலுக்கும் உள்ள சம்பந்தத்தைக் கரையில் நடந்து பழகியவன் மறக்கமாட்டான். அவன் நாளை பொறியாளனாகவோ அதிகாரியாகவோ வாக்காளனாகவோ ஒரு முடிவெடுக்கும்போது அந்தச் சம்பந்தம் அவன் முன் வந்து நிற்கும்.

ஆகையால், பருவநிலையைப் பற்றி இளைஞருக்குப் போதிக்க விரும்புகிறவர்கள் இச்சிறு சரித்திரத்திலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு. ஒவ்வொரு பள்ளியும் கல்லூரியும் தன் அருகிலுள்ள ஏரியிலோ ஆற்றங்கரையிலோ காட்டோரத்திலோ ஒரு பகுதியைத் தனக்கென்று ஏற்று, அதைக் காக்கும் பொறுப்பையும் அதில் நிகழ்வதை எழுதிவைக்கும் குறிப்பேட்டையும் மாணாக்கர் கையில் ஒப்படைத்து, ஆண்டுதோறும் மூத்தவர் இளையவருக்குக் கைமாற்றிக் கொடுக்கும்படி விட்டுவிட வேண்டும். பெரியவர்கள் அருகில் இருந்து ஆதரிக்கலாம்; பிள்ளைகளின் பொறுப்பைத் தாமே பறித்துச் செய்துவிடக் கூடாது. நம் இளைஞர் அக்கறையற்றவர்கள் என்று குறை கூறுவது எளிது. ஆனால் ஊர் உறங்கும் வேளையில் அரை நூற்றாண்டாக மணலில் நடந்து வந்திருக்கும் அவர்களுடைய கால்கள் அந்தக் குறையைப் பொய்யாக்கிவிட்டன. அவர்களை நம்பிப் பொறுப்பளிப்பதே இனி நாம் செய்ய வேண்டிய காரியம்.