அச்சம் தந்த ஏழு நூல்கள்

அச்சம் துன்பம் தருவது. ஆயினும், கதையில் வரும் அச்சத்தை மனிதன் தானே தேடிச் சென்று நுகர்கிறான். தொல்காப்பியர் எட்டு மெய்ப்பாடுகளுள் அச்சத்திற்கும் இடம் தந்தார். அது பிறக்கும் நிலைக்களன்களையும் நான்காக வகுத்துக் காட்டினார். தெய்வம், பேய் முதலிய அணங்குகள் ஒன்று, கொடிய விலங்குகள் மற்றொன்று, கள்வர் மூன்றாவது, நம்மேல் ஆணை செலுத்தும் தலைவர் நான்காவது. எம்மொழியில் எழுந்த திகில் கதையை எடுத்துக்கொண்டாலும் இந்நான்கனுள் ஒன்றோ பலவோ அதில் அமைந்திருக்கக் காணலாம்.

இத்தகைய கதைகளை இளையோர் விரும்பிப் படிப்பதையும், படித்ததைத் தோழருக்குப் பரிந்துரைப்பதையும் இக்காலத்தில் முளைத்த கேடு என்று வருந்துவோர் உளர். வரலாற்றைப் புரட்டிப் பார்த்தால் இப்பழக்கம் இருநூறு ஆண்டுகளுக்கும் மேற்பட்டது என்பது புலனாகும். அதன் தொடக்கத்தை 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் இங்கிலாந்தில் காண்கிறோம். அந்த வரலாறு தமிழாசிரியர்க்கும் மாணவர்க்கும் பயன்படும் பாடம் ஒன்றைத் தன்னகத்தே கொண்டுள்ளது.

ஒரு மைந்தன் எழுதிய கடிதம்

1764ஆம் ஆண்டு டிசம்பரில் ஹோரஸ் வால்போல் என்பார் ‘ஒட்ராண்டோ கோட்டை’ என்னும் புதினத்தை வெளியிட்டார். பாழடைந்த கோட்டை, கொடுங்கோல் தலைவன், நிலவறை, ஆவி ஆகியவை நிறைந்த அந்நூலே ‘காதிக்’ எனப்படும் திகில் புதின வகைக்கு வித்தாயிற்று. அவ்வித்தைப் பெருமரமாக வளர்த்தவர் ஆன் ராட்கிளிஃப் என்னும் அம்மையார். நான்கு பாகங்களாக 1794இல் வெளிவந்த அவருடைய ‘உடால்ஃபோ மர்மங்கள்’ என்னும் நூலுக்குப் பதிப்பாளர் 500 பவுன் கொடுத்தனர். அக்காலத்தில் ஒரு புதினத்திற்கு அது வியக்கத்தக்க பெருந்தொகையாகும்.

அந்நூல் வெளிவந்த அதே ஆண்டு மே மாதம், ஹாலந்து நாட்டின் ஹேக் நகரிலிருந்து மாத்யூ லூயிஸ் என்னும் 18 வயது இளைஞர் தம் தாயாருக்குக் கடிதம் எழுதினார். உடால்ஃபோவைக் கட்டாயம் படிக்குமாறு அதில் வேண்டினார். கதாநாயகியின் தந்தை இறக்கும் வரையில் கதை சற்றுச் சுவை குன்றியே செல்லும் என்று முன்கூட்டியே எச்சரிக்கவும் செய்தார். நூல் ஒன்றைப் பிறர்க்குப் பரிந்துரைக்கும் இளையோரின் இயல்பு இக்கடிதத்தில் நன்கு விளங்குகிறது. தாம் பெற்ற இன்பத்தைப் பிறரும் பெற வேண்டும் என்னும் துடிப்பு ஒருபுறம். படிப்பவர் இடையிலேயே நூலை மூடிவிடுவாரோ என்னும் கவலை மறுபுறம்.

லூயிஸ் படித்து மகிழ்ந்ததோடு நிற்கவில்லை. அவ்வாண்டே, தம் 19ஆம் வயதில், பத்தே வாரங்களில் ‘துறவி’ என்னும் புதினத்தை எழுதி முடித்தார். 1796இல் அது வெளியானபோது எதிர்ப்பு எழுந்தது. கவிஞர் கோல்ரிட்ஜ் 1797இல் எழுதிய மதிப்புரையில் அந்நூலின் ஒழுக்கக்கேட்டைக் கடிந்தார். 1798ஆம் ஆண்டுப் பதிப்பில் லூயிஸ் பல பகுதிகளை நீக்க நேர்ந்தது. எதிர்ப்பு வலுத்த அளவுக்கு வாசகர் கூட்டமும் பெருகியது.

கைமாறிய பட்டியல்

இளையோர் ஒருவர்க்கொருவர் நூல் பரிந்துரைத்த காட்சியை இலக்கியத்தில் நிலைபெறச் செய்தவர் ஜேன் ஆஸ்டின். 1798, 1799ஆம் ஆண்டுகளில், தமது 23ஆம் வயதை ஒட்டி, அவர் எழுதிய ‘நார்த்தாங்கர் அபி’ என்னும் புதினத்தில் அக்காட்சி இடம்பெறுகிறது. அதன் தலைவி காதரின் மோர்லண்டுக்கு வயது 17. நாட்டுப்புறத்திலிருந்து பாத் நகருக்கு வந்த அவள், தன்னினும் நான்கு வயது மூத்த இசபெல்லா தோர்ப் என்பவளுடன் நட்புக் கொள்கிறாள். இருவரும் உடால்ஃபோவைப் பற்றிப் பேசுகின்றனர். கதையில் வரும் கறுப்புத் திரைக்குப் பின்னால் இருப்பது யாது என்பதை அறியக் காதரின் துடிக்கிறாள். ஆயினும் தோழி அதனைச் சொல்லிவிடக் கூடாது என்றும் தடுக்கிறாள். மர்மக் கதை படிப்போர் இன்றளவும் போற்றும் மரபு இது.

அதன்பின் இசபெல்லா தன் குறிப்புப் புத்தகத்தை எடுத்து, அடுத்துப் படிக்க வேண்டிய ஏழு நூல்களின் பெயர்களை வாசிக்கிறாள். அவை அனைத்தும் அஞ்சத்தக்கவைதாமா என்பதே காதரினின் ஒரே கேள்வி. தன் தோழி ஆண்ட்ரூஸ் அவை அனைத்தையும் படித்துவிட்டாள் என்பதே இசபெல்லா காட்டும் சான்று. அறிஞர் மதிப்புரையோ ஆசிரியர் பரிந்துரையோ அங்கு இடம்பெறவில்லை. ஒரு தோழியின் சொல் இன்னொரு தோழிக்குப் போதுமானதாக இருந்தது.

அந்த ஏழு நூல்கள் வருமாறு: ‘வோல்ஃபன்பாக் கோட்டை’, ‘கிளெர்மாண்ட்’, ‘மர்ம எச்சரிக்கைகள்’, ‘கருங்காட்டு மந்திரவாதி’, ‘நள்ளிரவு மணி’, ‘ரைன் நதி அநாதை’, ‘கொடூர மர்மங்கள்’. அனைத்தும் 1793க்கும் 1798க்கும் இடைப்பட்ட ஆண்டுகளில் வெளிவந்தவை. இவற்றுள் ஆறு நூல்களை வெளியிட்டது ஒரே நிறுவனம். லண்டன் லெடன்ஹால் தெருவில் வில்லியம் லேன் நடத்திய மினர்வா அச்சகம் அது.

லேன் அச்சிட்டதோடு வாடகை நூல்நிலையமும் நடத்தினார். புதினங்கள் மூன்று, நான்கு பாகங்களாக வெளிவந்த காலம் அது, விலையோ மிகுதி. ஆகவே நடுத்தரக் குடும்பத்தார் சந்தா கட்டி, ஒவ்வொரு பாகமாக இரவல் பெற்றுப் படித்தனர். அடுத்த பாகத்தை வேறொருவர் எடுத்துச் சென்றிருந்தால் காத்திருக்கத்தான் வேண்டும். அக்காத்திருப்பில் பேச்சு வளர்ந்தது. பேச்சிலிருந்து பரிந்துரையும் பட்டியலும் பிறந்தன. சந்தா கட்ட இயலாத சிறுவர்க்கு, பெருங்கதைகளைச் சுருக்கி நீல அட்டையிட்டு ஆறு பென்ஸ் முதலிய சிறு விலைக்கு விற்ற குறுநூல்கள் இருந்தன.

சலவைக் கணக்கும் உண்மைக் கொடுமையும்

இளம் பெண்கள் புதினம் படித்து மனம் கெடுகின்றனர் என்பது அக்காலப் பெரியோர் பலரின் குறைபாடு. ஆஸ்டின் இதற்கு இரு வகையில் விடை தருகிறார்.

முதலாவதாக, காதரினின் மயக்கத்தை அவர் மறைக்கவில்லை. தளபதி டில்னியின் இல்லமாகிய பழைய மடத்தில் அவள் விருந்தினளாகத் தங்குகிறாள். புயல் வீசும் இரவில் ஓர் அலமாரிக்குள் காகிதச் சுருள் ஒன்றைக் கண்டெடுத்து நடுங்குகிறாள். விடிந்தபின் பார்த்தால் அது பழைய சலவைக் கணக்கு! தளபதி தம் மனைவியைக் கொன்றிருப்பார் என்றும் ஐயுறுகிறாள். தளபதியின் மகன் ஹென்றி அவளுடைய பிழையை எடுத்துரைக்கிறான். அந்த ஹென்றியே, உடால்ஃபோவை இரண்டு நாட்களில் மயிர்க்கூச்செறியப் படித்து முடித்ததாக முன்னர் மகிழ்ந்து கூறியவன். காதரினைத் திருத்தும் தகுதி அவனுக்கு அதனாலேயே வாய்க்கிறது. மாறாக, புதினங்களை இழித்துப் பேசும் ஜான் தோர்ப் கதை முழுவதிலும் வீண் பெருமை பேசுபவனாகவே வருகிறான். லூயிஸின் ‘துறவி’யை அவன் விலக்குவதில்லை.

இரண்டாவதாக, காதரினின் அச்சம் முற்றிலும் பொய்யாகவும் போகவில்லை. அவள் பெருஞ்செல்வி அல்லள் என்று அறிந்த தளபதி, துணையாக ஒரு பணிப்பெண்ணையும் அனுப்பாமல், 70 மைல் தொலைவிலுள்ள ஊருக்கு அவளைத் தனியே விரட்டிவிடுகிறார். தொல்காப்பியர் வகுத்த நான்கு களன்களை இங்கு நினைவுகூர்வது தகும். காதரின் அணங்கைத் தேடினாள். அவளுக்கு எதிர்ப்பட்டதோ ஆணை செலுத்தும் தலைவனின் கொடுமை. பேராசை கொண்ட மனிதனே பேயினும் அஞ்சத்தக்கவன் என்பதை அவள் அறிந்துகொண்டாள். திகில் நூல்கள் அவளுக்குத் தந்த ஐயம் தவறான இடத்தில் சென்று விழுந்தது. ஆனால், ஐயுறத் தக்க மனிதர் அவரே என்பதில் பிழையில்லை.

படித்தோர் படைத்தோர் ஆயினர்

மினர்வா நூல்களை விழுங்கி வளர்ந்த பள்ளிச் சிறுவர்களுள் பெர்சி ஷெல்லியும் ஒருவர். உடன் பயின்ற உறவினர் தாமஸ் மெட்வின் இதனைப் பதிவு செய்துள்ளார். ஷெல்லி தமது 17ஆம் வயதில், 1810இல், ‘ஸாஸ்ட்ரோஸ்ஸி’ என்னும் திகில் கதையை வெளியிட்டார். பின்னாளில் ஆங்கிலக் கவிதையுலகில் பேரிடம் பெற்றவர் முதலில் பழகிய களம் அதுவே.

1815 ஏப்ரலில் நம் அண்டையிலுள்ள சும்பாவா தீவில் தம்போரா எரிமலை வெடித்தது. அதன் சாம்பலும் ஆவியும் வானில் பரவி, 1816இல் ஐரோப்பாவின் கோடையைக் குளிரும் மழையுமாக மாற்றின. ஜெனீவா ஏரிக்கரையில் வீட்டிற்குள் அடைபட்டிருந்த ஷெல்லி, பைரன் முதலியோர் ஜெர்மானிய ஆவிக் கதைகளைப் படித்துப் பொழுது போக்கினர். ஆளுக்கொரு கதை எழுதுவோம் என்று பைரன் அறைகூவினார். அக்குழுவில் இருந்த 18 வயது மேரி தொடங்கிய கதையே ‘ஃபிராங்கன்ஸ்டைன்’. அது 1818 ஜனவரி முதல் நாளில் வெளியானது.

நார்த்தாங்கர் அபியும் அதே வேளையில்தான் அச்சேறியது. 1803இல் பத்துப் பவுனுக்கு அதனை வாங்கிய பதிப்பாளர் வெளியிடாமலே வைத்திருந்தார். 1816இல் அதே தொகையைக் கொடுத்து ஆஸ்டின் குடும்பத்தார் மீட்டனர். 1817 ஜூலையில் ஆஸ்டின் மறைந்தார். அவ்வாண்டு டிசம்பர் இறுதியிலேயே நூல் வெளிவந்தது. திகில் நூல் படித்த இளம்பெண்ணின் கதையும், திகில் நூல் படைத்த இளம்பெண்ணின் கதையும் சில நாள் இடைவெளியில் உலகிற்குக் கிடைத்தன.

மறைந்தவை மீண்டன

காலம் சென்றது. வாடகை நூல்நிலையப் பிரதிகள் கைபட்டுக் கிழிந்து மறைந்தன. இசபெல்லா வாசித்த ஏழு பெயர்களும் ஆஸ்டினின் கற்பனையாகவே இருக்கும் என்று எண்ணுமளவிற்கு அந்நூல்கள் மறக்கப்பட்டன. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மாண்டேக் சம்மர்ஸ், மைக்கேல் சாட்லியர் ஆகிய இருவரும் பழைய புத்தகங்களிடையே அவற்றைத் தேடினர். சாட்லியர் 1927இல் வெளியிட்ட ஆய்வுரை, ஏழும் உண்மை நூல்களே என்பதை நிலைநாட்டியது. 1968இல் லண்டன் ஃபோலியோ அச்சகம் அவ்வேழையும் ஒருசேர மறுபதிப்புச் செய்தது. அதன் பதிப்பாசிரியர் தேவேந்திர வர்மா, பீகார் மாநிலத்தில் பிறந்து கனடாவில் பேராசிரியராக விளங்கிய இந்தியர்.

பெரியோரின் கண்டனங்கள் அவ்வேழு நூல்களுக்கு வாழ்வளிக்கவில்லை. நூல்நிலையங்களும் அவற்றைக் காக்கவில்லை. இரு தோழியர் கைமாற்றிய பட்டியல் ஒன்று புதினத்தில் பதிவாகியிருந்தமையே அவற்றை மீட்கும் திறவுகோலாயிற்று.

நமக்குரிய பாடம்

இவ்வரலாற்றின் ஒரு கிளை தமிழையும் வந்தடைந்தது. காதிக் புதினங்களின் மர்ம மரபை நகரத்துச் சந்துகளுக்குக் கொண்டுவந்த ரெயினால்ட்ஸின் ஆங்கிலக் கதைகள் இந்தியாவில் பெரிதும் படிக்கப்பட்டன. ஆரணி குப்புசாமி முதலியார் அவற்றைத் தமிழில் தழுவி எழுதினார். ஜே. ஆர். ரங்கராஜுவின் ‘இராஜாம்பாள்’ 1908இல் தோன்றித் துப்பறியும் கதைக்குப் பெரும் வாசகர் கூட்டத்தைத் திரட்டியது. இத்தகைய நூல்களை இலக்கியம் அல்ல என்று ஒதுக்கியோர் பலர். கோட்டையூர் ரோஜா முத்தையாவோ உயர்வு தாழ்வு கருதாமல் கிடைத்த அச்சு நூல்களைச் சேர்த்தார். 1994இல் சென்னையில் அவர் பெயரால் நூலகம் அமைந்ததால், வெகுமக்கள் படித்த நூல்கள் பலவும் இன்று ஆய்வாளர்க்குக் கிட்டுகின்றன. அந்நூல்களை அன்றைய இளைஞருள் யார் யாருக்குக் கொடுத்தார், என்ன சொல்லிக் கொடுத்தார் என்பதை நாம் பெரும்பாலும் எழுதிவைக்கவில்லை.

மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் தேர்வுக்காகவன்றித் தானே விரும்பித் தமிழ்ப் புத்தகத்தைக் கையில் எடுக்கும் மாணவன் நமக்குக் கிடைத்தற்கரிய செல்வம். அவன் எடுத்தது பேய்க்கதை என்பதற்காக அதனைப் பறித்துவிட்டால் அவன் வேறு தமிழ் நூலைத் தேடப் போவதில்லை. வேறு மொழியைத் தேடிப் போவான். எல்லாத் திகில் நூல்களும் நல்லவை என்று கூறுவதற்கில்லை. இரத்தத்தையும் வக்கிரத்தையும் மட்டுமே நம்பி எழுதப்பட்டவை உண்டு. அவற்றைப் பிரித்தறியும் திறனை மாணவர்க்கு ஊட்டுவது ஆசிரியர் கடமையே. அக்கடமையை ஆற்ற ஹென்றி டில்னியின் வழி சிறந்தது. முதலில் நாமும் அந்நூலைப் படிக்க வேண்டும். அதில் இன்பம் இருந்தால் மறைக்காமல் ஒப்புக்கொள்ள வேண்டும். அதன்பின் குறையைச் சொன்னால் மாணவன் செவிசாய்ப்பான்.

வகுப்பு நூலகத்தில் ஒரு குறிப்பேட்டை வைக்கலாம். ‘நீ படித்து அஞ்சிய நூல் எது? அதை யாருக்குக் கொடுத்தாய்?’ என்று இரண்டு கேள்விகளை அதன் முதற்பக்கத்தில் எழுதினால் போதும். தொல்காப்பியரின் மெய்ப்பாட்டியலை விளக்க அக்குறிப்பேட்டினும் சிறந்த துணைநூல் வகுப்பில் கிடைப்பது அரிது. இன்று மாணவர் அதில் எழுதும் பெயர்கள் நாளைய ஆய்வாளர்க்குச் சான்றாகும். எழுதும் மாணவருள் ஒருவர் நாளைய எழுத்தாளராகவும் மலரக்கூடும்.