தவளைக் கருவில் செல் ஒட்டு மூலக்கூறுகள்

கருவின் செல்கள் ஒன்றையொன்று பற்றிக்கொள்ள உதவும் மேற்பரப்புப் புரதங்கள். இவற்றுள் தலையாயவை கேடெரின்கள். கால்சியம் இருந்தால்தான் இவற்றின் பிடி நிற்கும். இளங்கருவைக் கால்சியம் இல்லாத நீர்மத்தில் இட்டால், செல்கள் ஊறிய ஜவ்வரிசி போல உதிர்ந்துவிடும். கால்சியம் சேர்த்தால் மறுபடி ஒட்டும்.

1955இல் டவுன்ஸ், ஹோல்ட்ஃப்ரெட்டர் இருவரும் நீர்நில வாழ்விகளின் கருச்செல்களைப் பிரித்துக் கலந்தபோது, தோல் செல்கள் வெளியிலும் நரம்புச் செல்கள் உள்ளேயுமாகத் தாமே இனம் பிரிந்தன. காரணம் பின்னால்தான் துலங்கியது. ஆப்பிரிக்க நகத்தவளையில் தோலாகும் செல்கள் ஈ-கேடெரினை வைத்துக்கொள்ள, நரம்புத் தட்டின் செல்கள் என்-கேடெரினுக்கு மாறுகின்றன. நரம்புக் குழல் தோலிலிருந்து கழன்று உள்ளே அமைய இம்மாற்றம் துணை செய்கிறது.

ஆனால் எல்லாத் தவளைக் கருக்களும் ஒரே வழியில் வளர்வதில்லை. பாடநூலில் வரும் தவளை வாழ்க்கைச் சுழற்சிப் படம் பழனி மலையின் புதர்த்தவளைகளுக்குப் பொருந்தாது. கொடைக்கானலிலிருந்து 2006இல் பிஜுவும் பொசூய்ட்டும் விவரித்த ராவோர்கெஸ்டெஸ் டுபாய் இவற்றுள் ஒன்று. ராவோர்கெஸ்டெஸ் பேரினத்துக்கு நீந்தித் திரியும் தலைப்பிரட்டைப் பருவம் கிடையாது. நீருக்கு வெளியே இடப்படும் முட்டைக்குள்ளேயே கால் முளைத்து, குட்டித் தவளையாகவே வெளிவரும். பேரினப் பெயரில் உள்ள ‘ராவ்’, இந்தியத் தவளை ஆய்வின் முன்னோடி சி. ஆர். நாராயண ராவ்.