போர்க்காலப் பரப்புரையும் மக்கள் மனமும்

போர் என்றவுடன் நம் நினைவுக்கு வருவன படையும் படைக்கலமுமே. ஆயினும் போர் நடத்தும் அரசுகள் மக்களின் மனத்தையும் ஒரு களமாகவே கருதி வந்துள்ளன. பண்டைத் தமிழகத்தில் யானை மீது முரசேற்றி மன்னனின் ஆணையை ஊரறியச் செய்தனர். இருபதாம் நூற்றாண்டில் அம்முரசின் இடத்தைச் செய்தித்தாளும் வானொலியும் திரைப்படமும் பெற்றன. கருவிகள் பெருகின. கேட்போரின் நம்பிக்கையும் அவ்வாறே பெருகியதா? இவ்வினாவை நாம் வாழும் பகுதியின் வரலாற்றோடு பொருத்திக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சித்தூரிலிருந்து பலமனேர் செல்லும் வழியில், சென்னையையும் பெங்களூரையும் இணைக்கும் நெடுஞ்சாலையில் அமைந்துள்ளது பங்காருபாளையம். சித்தூர் மாவட்டம் 1911ஆம் ஆண்டு உருவானது. 1953ஆம் ஆண்டு அக்டோபர் 1ஆம் நாள் ஆந்திர மாநிலம் பிறக்கும் வரை அது சென்னை மாகாணத்தின் ஒரு பகுதியாகவே விளங்கிற்று. ஆகவே இரு உலகப் போர்களின்போதும் இப்பகுதி மக்களுக்கு அரசின் குரல் என்பது சென்னையின் குரலே. சென்னையில் எழுந்த அச்சமும் இவ்வழியே உள்நாட்டை அடைந்தது.

முதற்போர் தொடங்கி இரண்டு மாதங்கள் நிறைவதற்குள், 1914ஆம் ஆண்டு செப்டம்பர் 22ஆம் நாள் இரவு, எம்டன் என்னும் ஜெர்மானியப் போர்க்கப்பல் சென்னைக் கடற்கரையை நெருங்கி நூற்றுக்கும் மேற்பட்ட குண்டுகளை வீசிற்று. பர்மா எண்ணெய்க் குழுமத்தின் எண்ணெய்த் தொட்டிகள் தீப்பற்றி எரிந்தன. தாக்குதல் அரைமணி நேரங்கூட நீடிக்கவில்லை. சேதமும் பெரிதன்று. ஆயினும் ஆயிரக்கணக்கானோர் நகரைவிட்டு வெளியேறினர். கடலாட்சி முழுவதும் தன் கையில் என்று ஆங்கில அரசு பல்லாண்டுகள் வளர்த்த எண்ணத்தை ஓர் இரவு அசைத்துவிட்டது. அதே ஆண்டு நவம்பர் 9ஆம் நாள் கோகோஸ் தீவருகே எம்டன் அழிக்கப்பட்டது. கப்பல் அழிந்தும் அதன் பெயர் அழியவில்லை. சூழ்ச்சித் திறன் மிக்கவனை 'எம்டன்' என்றழைக்கும் வழக்கு நம் மொழியில் நிலைத்துவிட்டது.

விடுதலை வீரர் செண்பகராமன் பிள்ளை அக்கப்பலில் இருந்தார் என்னும் செய்தியை இன்றும் பலர் உறுதியாகக் கூறக் கேட்கிறோம். ஆனால் அதற்கு நம்பத்தக்க ஆவணச் சான்று இல்லை. அவர் ஐரோப்பாவிலிருந்து இந்திய விடுதலைக்கு உழைத்தவர் என்பதே வரலாறு. எந்த அரசும் பரப்பாத இக்கதையை மக்களின் விருப்பமே படைத்தது. அடிமைப்பட்ட மக்கள், ஆள்வோரை நடுங்க வைத்த கப்பலில் தம்முள் ஒருவனைக் காண விழைந்தனர். மக்கள் மனம் வெற்றுப் பலகை அன்று என்பதற்கு இதுவே சான்றாகும்.

இரண்டாம் போரின்போது பரப்புரை ஒரு தனித் துறையாகவே வளர்ந்தது. 1938இல் சென்னையிலும் 1939இல் திருச்சிராப்பள்ளியிலும் வானொலி நிலையங்கள் தொடங்கப்பட்டிருந்தன. 1941இல் இலண்டன் பி.பி.சி. தமிழ் ஒலிபரப்பைத் தொடங்கிற்று. பிற்காலத்தில் பெரும்புகழ் பெற்ற ஜார்ஜ் ஆர்வெல் அந்நிலையத்தில் ஆங்கிலத்தில் எழுதிய செய்தியுரைகளுள் சில தமிழாக்கம் பெற்று ஒலித்தன. வதந்திகளை எதிர்க்கவும் மக்களுக்கு ஊக்கமூட்டவும் 1942இல் தேசியப் போர் முன்னணி என்னும் அமைப்பு நிறுவப்பட்டது. அரசின் செய்திப் படங்களைத் திரையரங்குகள் கட்டாயம் காட்ட வேண்டும் என்று 1943இல் விதி வந்தது. படச்சுருள் அரசின் கட்டுப்பாட்டில் இருந்தமையால் போர் ஆதரவுக் கதைகளும் திரைக்கு வந்தன. மாடர்ன் தியேட்டர்ஸ் 1945இல் வெளியிட்ட 'பர்மா ராணி' அத்தகையது.

இத்தனை ஏற்பாடுகளையும் 1942ஆம் ஆண்டின் நிகழ்ச்சிகள் சோதித்துப் பார்த்தன. பிப்ரவரி 15ஆம் நாள் சிங்கப்பூர் வீழ்ந்தது. ஏப்ரல் 5ஆம் நாள் கொழும்பும் மறுநாள் விசாகப்பட்டினமும் காக்கிநாடாவும் ஜப்பானியக் குண்டுவீச்சுக்கு ஆளாயின. மக்கள் கலங்கலாகாது, வதந்தியை நம்பலாகாது என்று அரசு கூறி வந்தது. அதே வேளையில் சென்னையிலிருந்து அரசு அலுவலகங்கள் உள்நாட்டு ஊர்களுக்கு மாற்றப்பட்டன. இன்றியமையாப் பணி இல்லாதோர் நகரைவிட்டு நீங்குமாறு அறிவுறுத்தப்பட்டனர். விலங்குக் காட்சிச் சாலையின் கொடிய விலங்குகள், கூண்டு உடைந்தால் தீங்கு நேரும் என்று சுட்டுக் கொல்லப்பட்டன. அஞ்சிய படையெடுப்போ வரவேயில்லை.

கோப்புகளோடும் சுற்றறிக்கைகளோடும் நாளைக் கழிக்கும் எம்மனோர்க்கு இதன் பொருள் எளிதில் விளங்கும். சுற்றறிக்கை கூறுவது ஒன்றாகவும் அதிகாரி செய்வது வேறாகவும் இருப்பின், ஊழியர் அதிகாரியின் செயலையே சுற்றறிக்கையாகக் கொள்வர். சென்னை மக்களும் அவ்வாறே செய்தனர். 'அஞ்சற்க' என்ற அறிக்கையைவிட, மூட்டை கட்டிய அலுவலகம் உரக்கப் பேசிற்று.

பர்மாவிலிருந்து திரும்பியோரின் வாய்மொழி அதனினும் வலியது. அவ்வாண்டில் நான்கு இலட்சத்திற்கும் மேற்பட்ட இந்தியர் பர்மாவை விட்டு வெளியேறினர். அவருள் தமிழரும் தெலுங்கரும் மிகப் பலர். காடும் மலையும் கடந்து நடந்தோருள் பல்லாயிரவர் வழியிலேயே மாண்டனர். வெள்ளையருக்கு ஒரு வழி, இந்தியருக்கு ஒரு வழி என்று காட்டப்பட்ட வேற்றுமையை மீண்டு வந்தோர் ஊர்தோறும் எடுத்துரைத்தனர். பேரரசு தன் குடிகளைக் காக்கும் என்ற பரப்புரை, காலில் புண்ணோடு வந்த உறவினர் முன் நிற்க முடியவில்லை.

செய்தியின் நம்பகத்தை அரசுத் தரப்பே குலைத்ததற்கு மற்றுமொரு சான்று உண்டு. 1942 மார்ச்சு இறுதியில், நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் விமான விபத்தில் இறந்தார் என்ற செய்தி ஆங்கிலேயர் தரப்பிலிருந்து பரவிற்று. காந்தியடிகள் நேதாஜியின் அன்னைக்கு இரங்கல் தந்தியே அனுப்பினார். பின்னர் நேதாஜி ஜெர்மனியின் ஆசாத் ஹிந்த் வானொலியில் தாமே பேசினார். 1945 ஆகஸ்டில் அவர் மறைந்த செய்தி வந்தபோது எத்தனையோ பேர் அதை நம்ப மறுத்தனர். முன்பு ஒருமுறை பொய்த்த செய்தியும் அதற்கு ஒரு காரணம் என்று கருத இடமுண்டு.

எனினும் ஒரு தரப்பை மட்டும் குறை கூறுதல் நடுநிலை ஆகாது. 'ஆசியா ஆசியருக்கே' என்று ஜப்பான் முழங்கிற்று. அம்முழக்கம் ஒலித்த அதே காலத்தில், மலேயாவின் தோட்டங்களிலிருந்து கொண்டு செல்லப்பட்ட பல்லாயிரம் தமிழ்த் தொழிலாளர், சயாம்–பர்மா இரயில் பாதைப் பணியில் பசியாலும் காலராவாலும் கொடிய உழைப்பாலும் மடிந்தனர். நல்ல கூலி என்ற சொல்லை நம்பிச் சென்றோரும் அவருள் உண்டு. பிழைப்புத் தேடி ஊர்விட்டுச் சென்ற தமிழர், இரு தரப்புப் பொய்க்கும் தம் உயிரையே விலையாகக் கொடுத்தனர். இடம்பெயர்ந்து வாழும் நாம் மறக்கலாகாத வரலாறு இது.

இவற்றால் அறியப்படுவது யாது? பரப்புரை மக்கள் கருத்தை முற்றிலும் படைத்துவிடுவதில்லை. மக்கள் முன்பே கொண்டுள்ள அச்சத்தையும் ஆசையையும் பற்றியே அது வளர்கிறது. கண்கூடான செயலோடு முரண்படும்போது தளர்கிறது. வானொலிப் பெட்டி அரிதாயிருந்த அந்நாளில் ஒருவர் கேட்டதைப் பத்துப் பேருக்குச் சொல்ல நேரம் பிடித்தது. அந்த இடைவெளியில் ஐயம் எழவும் வாய்ப்பிருந்தது. இன்றோ கைப்பேசி வழியே வரும் செய்தியை ஒரு நொடியில் நூறு பேருக்கு அனுப்பிவிடுகிறோம். எல்லையில் பதற்றம் எழுந்தாலும், மொழியின் பெயரால் எங்கேனும் பூசல் மூண்டாலும், தாயகத்தைவிட்டுத் தொலைவில் வாழும் குடும்பங்களையே அச்சச் செய்தி முதலில் தாக்குகிறது. பக்கத்து வீட்டுத் தெலுங்கு அன்பரை நேற்றுவரை அறிந்த நாம், இன்று எவனோ எழுதிய இரண்டு வரிகளைக் கொண்டு அவரை ஐயுறலாமா?

யார் வாயிலிருந்து வந்த சொல்லாயினும் அதன் மெய்ம்மையை ஆராய்ந்து கொள்வதே அறிவு என்று வள்ளுவப் பெருந்தகை வகுத்துச் சென்றார். நம் இல்லங்களில் பிள்ளைகளுக்குக் குறளைக் கற்பிக்கும்போது இவ்வறிவையும் பழக்கமாக்குவோம். சொன்னவர் யார், அவர் கண்டதா கேட்டதா, அதனால் பயன் பெறுவோர் எவர் என்ற மூன்றையும் வினவிய பின்னரே ஒரு செய்தியை அடுத்தவருக்கு உரைப்போமாக.