துப்பாக்கி முனையில் ஒரு கிண்ணம்

கையால் எறியும் எப்பொருளுக்கும் ஓர் எல்லையுண்டு. தோள்வலியுள்ள சிப்பாய் ஒருவன் கையெறி குண்டை வீசினால் அது முப்பது அல்லது நாற்பது கஜ தூரத்தில் விழும். படுத்துக்கொண்டோ, இடுப்பளவுக் குழியில் நின்றுகொண்டோ வீச நேர்ந்தால் அந்தத் தூரமும் குறைந்துவிடும். அவனுக்குப் பின்னால் நிற்கும் பீரங்கிகள் ஆயிரக்கணக்கான கஜங்களுக்கு அப்பால் குண்டு பொழிய வல்லவை. ஆனால் தம்மவரும் பகைவரும் நெருங்கி நிற்கும் இடத்தில் அவை பொழிந்தால், யார் மேல் விழும் என்று உறுதி சொல்ல இயலாது. ஆகவே, காலாட்படை வீரன் ஒருவனுக்கு முன்னே நாற்பது கஜத்திலிருந்து ஏறக்குறைய இருநூறு கஜம் வரை ஒரு வெற்றிடம் இருந்தது. அந்த வெளியில் ஒரு மண்மேட்டின் பின்னே பகைவனின் இயந்திரத் துப்பாக்கி அமர்ந்துவிட்டால், நேர்கோட்டில் செல்லும் துப்பாக்கி ரவை அதனைத் தொடாது. மேலெழும்பி வளைந்து சென்று மேட்டின் மறுபுறம் விழக்கூடிய ஒன்று வேண்டும்.

அந்த இருநூறு கஜ வெளியை நிரப்புவதற்காக இருபதாம் நூற்றாண்டில் நடந்த முயற்சிகளைப் பற்றியே இங்குப் பேச விரும்புகிறேன். துப்பாக்கியின் முனையிலேயே எறிகுண்டைப் பொருத்திச் சுடுவது என்பது அம்முயற்சிகளின் சாரம். போர்க்கருவியைப் பற்றிப் பேசுவானேன் என்று உங்களில் சிலர் நினைக்கலாம். சரித்திரம் பயிலும் மாணவர்கள் போர் மூண்ட ஆண்டையும் தளபதிகளின் பெயர்களையும் மட்டும் அறிந்தால் போதாது என்பது என் எண்ணம். முன்வரிசையில் நின்றவன் கையில் இருந்தது என்ன, அது அவனுக்கு எவ்வளவு உதவியது, எந்த நேரத்தில் அவனைக் கைவிட்டது என்பவற்றையும் அறிந்தால்தான் போரின் உண்மை விளங்கும்.

துப்பாக்கியைக் கொண்டு குண்டெறியும் எண்ணம் மிகப் பழையது. சில நூற்றாண்டுகளுக்கு முன்னரே ஐரோப்பாவில் அதற்கான கருவிகள் இருந்தன. அவற்றை விட்டுவிடுவோம். நம் காலத்துக் கதை 1914-இல் மூண்ட முதல் உலக யுத்தத்தின் பதுங்குகுழிகளில் தொடங்குகிறது. ஆங்கிலேயரான மார்ட்டன் ஹேல் என்பவர் யுத்தத்துக்கு முன்பே ஒரு குண்டை அமைத்திருந்தார். அதன் அடியில் நீண்ட மெல்லிய கோல் ஒன்று உண்டு. அந்தக் கோலைத் துப்பாக்கிக் குழலுக்குள் செருகி, ரவையில்லாத வெற்றுத் தோட்டாவை வெடித்தால், வெடிமருந்தின் ஆவி கோலை உந்தித் தள்ள, குண்டு பறந்து செல்லும். எளிய ஏற்பாடுதான். ஆனால் துப்பாக்கிக் குழல் இத்தகைய வேலைக்காகச் செய்யப்பட்டதன்று. பலமுறை சுட்டபின் கோல் நின்ற இடத்தில் குழல் புடைத்துவிடும். அப்புறம் அந்தத் துப்பாக்கியால் குறிபார்த்துச் சுட முடியாது.

கோலை அகற்றிவிட்டு, குழலின் வாயில் இரும்புக் கிண்ணம் ஒன்றை மாட்டுவது அடுத்த படி. இதிலே பிரெஞ்சுக்காரர் 1916-இல் கண்ட வழி மிகவும் சாமர்த்தியமானது. விவன், பெஸியேர் என்னும் இருவர் பெயரால் வழங்கிய அந்தக் குண்டின் நடுவே ஊடுருவிச் செல்லும் ஒரு துளை உண்டு. சிப்பாய் வழக்கமான தோட்டாவையே சுடுவான். ரவை அந்தத் துளை வழியே பாய்ந்து, போகிற போக்கில் குண்டின் திரியைப் பற்றவைத்துவிடும். பின்தொடரும் ஆவி குண்டைத் தூக்கி எறியும். தனித் தோட்டா வேண்டியதில்லை. இருட்டிலும் பதற்றத்திலும் தோட்டா மாறிவிடுமோ என்ற அச்சமும் இல்லை.

பிரிட்டிஷார் கையாண்டது வேறு முறை. பர்மிங்ஹாம் நகரத்து வில்லியம் மில்ஸ் 1915-இல் கொண்டுவந்த கையெறி குண்டு உலகப் பிரசித்தி பெற்றது. சீதாப்பழம் போலப் புறத்தே கட்டம் கட்டமாக இருக்கும். அதன் திருந்திய வடிவமான 36-ஆம் எண் குண்டின் அடியில் வட்டத் தகடு ஒன்றைத் திருகி, கிண்ணத்தினுள் இறக்குவார்கள். பிறகு ஊசியை உருவிவிடுவார்கள். குண்டின் பக்கத்திலுள்ள பிடியைக் கிண்ணத்தின் சுவரே அழுத்திப் பிடித்திருப்பதால் ஆபத்தில்லை. வெற்றுத் தோட்டா வெடித்துக் குண்டு கிண்ணத்தை விட்டு வெளியேறிய கணத்தில் பிடி விலகும். ஏழு வினாடித் திரி எரியத் தொடங்கும். கிண்ணத்தின் அடியில் சிறு வாயில் ஒன்றைத் திறந்தும் மூடியும் ஆவியின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கலாம். இவ்வாறு எண்பது கஜம் முதல் இருநூறு கஜம் வரை வேண்டிய தூரத்துக்கு எறியலாம். மேலே சொன்ன வெற்றிடம் நிரம்பியது. 1917 பிப்ரவரியில் பிரிட்டிஷ் படை தன் சிறு அணிகளைத் திருத்தி அமைத்தபோது, ஒவ்வொரு பிளாட்டூனிலும் நான்கில் ஒரு பகுதியினர் துப்பாக்கிக் குண்டெறிவோராகவே வகுக்கப்பட்டனர் என்றால் இக்கருவிக்கு எத்தகைய மதிப்பு இருந்தது என்பதை ஊகித்துக்கொள்ளலாம்.

இந்தக் குண்டின் பெயரோடு 'எம்' என்ற எழுத்தைச் சேர்த்து வழங்கிய வகை ஒன்று உண்டு. மெசபடோமியா என்பதன் முதலெழுத்து அது. இந்தியச் சிப்பாய்கள் பெருந்தொகையாகப் போரிட்ட அந்த நாட்டின் வெப்பத்தையும் ஈரத்தையும் தாங்கும்படி அரக்குப் பூசி அடைக்கப்பட்ட குண்டு அது.

கிண்ணம் மாட்டிய துப்பாக்கி ஒன்றை ஒரு கண்காட்சியில் நான் கையில் தூக்கிப் பார்த்திருக்கிறேன். வங்காளத்து இஷாப்பூர் தொழிற்சாலையிலிருந்து வந்த லீ-என்ஃபீல்டு துப்பாக்கி அது. அதன் முன்கட்டையைச் சுற்றி, முறிந்த எலும்புக்குக் கட்டுப் போட்டாற்போல, உலோகக் கம்பியை நெருக்கமாகச் சுற்றி ஈயப்பற்று வைத்திருந்தார்கள். எதற்காக என்று கேட்டேன். குண்டை எறிந்து எறிந்து ஒருநாள் குழல் வெடித்தால், கட்டை சிதறிச் சுடுபவன் முகத்தில் பாயாமல் காப்பதற்காம். கம்பி சுற்றிய துப்பாக்கியைச் சாதாரணச் சுடுதலுக்கு நம்பமாட்டார்கள். அந்தக் கம்பியைப் பார்த்த பிறகுதான் இக்கருவியின் அடிப்படைச் சங்கடம் எனக்குத் தெளிவாக விளங்கியது. குண்டெறியும் துப்பாக்கி துப்பாக்கியாக இருப்பதில்லை. கிண்ணம் முனையில் இருக்கும்வரை ரவை சுட முடியாது. கிண்ணத்தைக் கழற்ற நேரம் வேண்டும். அந்த நேரத்தில் எதிரி முன்னேறி வந்துவிட்டால் அவன் ஏறக்குறைய நிராயுதபாணி. உதையும் கொடியது. தோளில் வைத்துச் சுட அஞ்சி, அடிக்கட்டையைத் தரையில் ஊன்றியே பெரும்பாலும் சுட்டார்கள். தரையில் ஊன்றிச் சுடும்போது குறிபார்ப்பது அனுபவத்தையும் அதிர்ஷ்டத்தையும் பொறுத்தது.

இத்தாலியர் 1928-இல் இச்சங்கடத்துக்கு ஒரு விசித்திரமான தீர்வு கண்டனர். துப்பாக்கியின் பக்கவாட்டில் தனியாக ஒரு குட்டிக் குழலைப் பொருத்தினர். ஆனால் இரண்டு குழலுக்கும் வெடிக்கும் பொறி ஒன்றே! குண்டெறிய வேண்டுமானால் துப்பாக்கியின் பொறியைக் கழற்றிக் குட்டிக் குழலில் மாட்ட வேண்டும். மறுபடி ரவை சுட வேண்டுமானால் திரும்பக் கழற்றி மாட்ட வேண்டும். போர்க்களத்தில் இதைச் செய்து பார்த்தவன் என்ன சொல்லியிருப்பான் என்று எண்ணிப் பாருங்கள். சில ஆண்டுகளில் அதைக் கைவிட்டனர்.

இரண்டாம் உலக யுத்தம் 1939-இல் தொடங்கியபோது காலாள் முன் நின்ற எதிரி மாறிவிட்டான். அது டாங்கி. எஃகுத் தகட்டைத் துளைக்க வேகம் வேண்டும், வேகத்துக்கு நீண்ட குழலும் கனத்த பீரங்கியும் வேண்டும் என்பதே அதுவரை எல்லோரும் அறிந்த நியதி. கிண்ணத்திலிருந்து சோம்பலாகப் பறந்து செல்லும் குண்டு டாங்கியை என்ன செய்யும்?

இங்கே விஞ்ஞானம் குறுக்கிட்டது. 1888-இல் அமெரிக்கரான சார்லஸ் மன்ரோ ஒரு விந்தையைக் கண்டிருந்தார். வெடிமருந்துக் கட்டியில் எழுத்துகளைக் குழிவாகச் செதுக்கி எஃகுத் தகட்டின்மேல் வைத்து வெடித்தபோது, அதே எழுத்துகள் தகட்டில் பதிந்திருந்தன. வெடிமருந்தில் குழிவு இருந்தால் அதன் வலிமை அக்குழிவின் திசையில் குவிகிறது. குழிவைப் புனல் வடிவாக்கி, அதற்கு மெல்லிய உலோக உறையும் இட்டால், வெடிக்கும் கணத்தில் அந்த உலோகம் நசுங்கி, ஊசிபோன்ற தாரையாகப் பீறிட்டுத் தகட்டைத் துளைத்துவிடும். சுவிட்சர்லாந்துக்காரரான ஹென்றி மோஹாப்ட் முதலியோர் 1930-களின் இறுதியில் இதனை ஆயுதமாக்கினர். இதில் முக்கியம் என்னவெனில், குண்டு எவ்வளவு வேகமாக வந்து மோதுகிறது என்பது இனிப் பொருட்டன்று. மெல்ல வந்து தொட்டாலும் போதும். டாங்கியை அழிக்கும் ஆற்றல் முதன்முறையாகத் தனியொரு சிப்பாய் தூக்கக்கூடிய எடைக்குள் வந்துவிட்டது. இந்த யுத்தத்தில் காலாட்படைக்கு நேர்ந்த மாறுதல்களுள் இதைக் காட்டிலும் பெரிது வேறில்லை என்றே நான் கருதுகிறேன்.

பிரிட்டிஷார் 1940-இல் படைக்குக் கொடுத்த 68-ஆம் எண் குண்டு இந்த வகையில் முதன்மையானவற்றுள் ஒன்று. அதுவும் பழைய கிண்ணத்திலிருந்தே சுடப்பட்டது. ஆனால் அது துளைத்தது ஏறக்குறைய இரண்டு அங்குலந்தான். அதற்காகச் சிப்பாய் டாங்கிக்கு மிக அருகே செல்லவேண்டும். டாங்கிகளின் தகடு ஆண்டுக்கு ஆண்டு தடித்துக்கொண்டே போயிற்று.

அமெரிக்கருடைய அனுபவம் இன்னும் சுவையானது. அவர்கள் 1936-இல் ஏற்ற காரண்டு துப்பாக்கி, ஒவ்வொரு ரவைக்கும் கையால் பொறியை இழுக்காமல் எட்டு ரவைகளைத் தொடர்ந்து சுட வல்லது. வெடிமருந்தின் ஆவியே அந்தப் பொறியை இயக்கும். எறிகுண்டை உந்துவதற்கான வலுவான தோட்டாவை இதில் வெடித்தால் பொறி சேதமாகும். ஆகையால் 1943-இல் வந்த எம்-7 என்னும் எறிகருவியைக் குழலில் மாட்டியதும், அதிலுள்ள ஒரு முளை ஆவியை வெளியே திறந்துவிட்டுவிடும். பொறி பிழைத்தது, ஆனால் கருவி மாட்டியிருக்கும்வரை அந்த அருமையான துப்பாக்கி ஒவ்வொரு ரவைக்கும் கையால் இழுக்கும் பழங்காலத் துப்பாக்கியாகிவிடும்! அதனால் சில பிரிவுகளில் 1903-ஆம் ஆண்டு மாதிரியான பழைய ஸ்பிரிங்ஃபீல்டு துப்பாக்கியையே குண்டெறிவதற்கென்று வைத்துக்கொண்டனர். பிற்பாடு வந்த மாதிரிகளில் இக்குறையைத் திருத்தினார்கள். குண்டு இன்னும் தூரம் செல்ல, எறிகருவியின் வாயில் கூடுதலாக ஒரு மருந்துச் சிமிழை இடுவதும் உண்டு. சிப்பாய்கள் அதற்கு 'வைட்டமின் மாத்திரை' என்று பெயரிட்டிருந்தனர். அதன் உதையை வாங்கியவர்களின் நகைச்சுவை அது.

டாங்கிக்கென அமெரிக்கர் எம்-10 என்ற கனத்த குண்டு ஒன்றும் செய்தனர். அதன் எடை மூன்றரை ராத்தல். கையால் எறிய முடியாது. துப்பாக்கியால் எறிந்தால் துப்பாக்கியும் தாங்காது, தோளும் தாங்காது. எட்வர்ட் ஊல் என்னும் இளம் அதிகாரி, தம் மேலதிகாரி லெஸ்லி ஸ்கின்னருடன் சேர்ந்து, அந்தக் குண்டின் பின்னால் ஒரு ராக்கெட்டைப் பொருத்தி, இருபுறமும் திறந்த குழாய் ஒன்றின் வழியே விட்டுப் பார்த்தார். ராக்கெட்டுக்கு உதையில்லை. 1942-இல் பிறந்த அந்தக் குழாய்க்கு, ஒரு ஹாஸ்ய நடிகர் வாசித்துவந்த வேடிக்கையான ஊதுகுழலின் பெயரையே வைத்து 'பஸூக்கா' என்றனர். துப்பாக்கியால் சுமக்க முடியாத பாரத்தை இறக்கி வைத்ததால் உண்டான ஆயுதம் அது. பிரிட்டிஷாரும் 1943-இல் பியாட் என்ற தனி ஆயுதத்துக்கு மாறினர்.

அப்படியிருந்தும் துப்பாக்கிக் குண்டு மறைந்துவிடவில்லை. பஸூக்காவைத் தனியே ஒருவர் சுமக்கவேண்டும். எறிகருவியோ பையில் அடங்கும். 1944-இல் நார்மண்டியின் உயர்ந்த வேலிப்புதர்களிடையே போர் நடந்தபோது, சாதாரணக் கையெறி குண்டையே ஒரு வால்துண்டில் மாட்டி வேலிக்கு மேலாக அமெரிக்கர் எறிந்தனர். நேரே பார்க்க முடியாத அந்தப் பூமியில் அது பெரிதும் பயன்பட்டது. ஜெர்மானியரும் 1942 முதல் மௌஸர் துப்பாக்கியில் புரிவெட்டிய கிண்ணம் ஒன்றை மாட்டி வந்தனர். டாங்கிக் குண்டு, வெளிச்சக் குண்டு என்பவற்றோடு, துண்டுப் பிரசுரங்களைச் சிதறும் பிரசாரக் குண்டும் அதற்கு உண்டு! ஜப்பானியர் அந்தக் கிண்ணத்தைப் பார்த்தே தமக்கும் ஒன்று செய்துகொண்டனர்.

யுத்தத்துக்குப் பின் 1950-இல் கொரியாவில் மறுபடியும் சோதனை வந்தது. ஜூலை 5-ஆம் தேதி ஓஸானுக்கு வடக்கே வட கொரியாவின் டி-34 டாங்கிகள் முப்பதுக்கு மேல் வந்தபோது, அமெரிக்கரின் பழைய பஸூக்கா ராக்கெட்டுகள் பெரும்பாலும் பயனற்றுப் போயின. பெரிய பஸூக்காவை அவசரமாக விமானத்தில் அனுப்பினார்கள். பெல்ஜியத்தில் தயாரான 'எனர்கா' என்ற துப்பாக்கிக் குண்டும் அந்தக் காலத்தில்தான் பல நாட்டுப் படைகளில் பரவியது. அமெரிக்கரும் பிரிட்டிஷாரும் அதை ஏற்றனர். இதற்குள் கிண்ணம் போய், குழலின் வெளிப்புறமே 22 மில்லிமீட்டர் தடிப்புள்ள எறிமுனையாக அமைந்து, குண்டின் வாலை அதன்மேல் செருகும் முறை பொதுவாகிவிட்டது. பெல்ஜியத்தின் எஃப்.ஏ.எல். துப்பாக்கியில் ஆவியடைப்பானைச் சற்றுத் திருப்பினால் போதும், குண்டெறிவதற்கு ஏற்றதாகிவிடும். காரண்டில் பட்ட பாடு இங்கே ஒரு விரல் வேலையாகச் சுருங்கியது.

அமெரிக்கர் 1961-இல் எம்-79 என்னும் குறுங்குழல் எறிகருவியைப் படைக்குக் கொடுத்தனர். அதன் 40 மில்லிமீட்டர் குண்டில் மருந்து முதலில் ஒரு சிறு அறைக்குள் வெடித்து, பின் பெரிய அறைக்குள் தணிந்து பரவும். அதனால் தோளில் வைத்தே நிதானமாகக் குறிபார்த்து, முந்நூறு கஜத்துக்கு அப்பாலும் எறியலாம். கம்பி சுற்றவேண்டாம், தரையில் ஊன்றவேண்டாம். ஆனால் வியட்நாமின் காடுகளில் அதைச் சுமந்தவனிடம் துப்பாக்கியே இல்லை. ஒரு முறைக்கு ஒரு குண்டு. பக்கத்தில் பாய்ந்து வருபவனைத் தடுக்க இடுப்பிலே கைத்துப்பாக்கி ஒன்று. நாற்பது ஆண்டுகளாகக் கிண்ணத்தில் இருந்த சங்கடம் இங்கே வேறு உருவத்தில் வந்து நின்றது. ஆகவே 1960-களின் இறுதியில் அதே 40 மில்லிமீட்டர் குழலைத் துப்பாக்கிக் குழலின் அடியிலே தொங்கவிட்டனர். இம்முறை அதற்குத் தனிப் பொறியும் தனி விசையும் உண்டு. இத்தாலியர் 1928-இல் பக்கவாட்டில் வைத்ததை இவர்கள் கீழே வைத்தார்கள். பொறியைக் கழற்றி மாட்டும் வேலையை மட்டும் சிப்பாய்க்கு வைக்கவில்லை.

முனையில் செருகும் குண்டு முற்றிலும் ஒழிந்துவிட்டதா என்றால், இல்லை. வழக்கமான ரவையைச் சுட்டாலும் அதைத் தன் வாலுக்குள்ளேயே பிடித்துக்கொண்டு பறக்கும் குண்டுகள் பிற்காலத்தில் வந்தன. பிரெஞ்சுக்காரர் 1916-இல் ரவைக்கு வழிவிட்ட துளையை அடைத்துவிட்டால் எப்படியிருக்குமோ அப்படி. அவ்வகைக் குண்டு ஒன்றை ஜப்பானியத் தரைப்படை 2006-இல் ஏற்றது. மில்ஸின் 36-ஆம் எண் குண்டோ இந்தியப் படையில் நெடுங்காலம் வழங்கியது. அதற்குப் பதிலாக அமைந்த புதிய கையெறி குண்டு நாகபுரியில் 2021 ஆகஸ்டில் படையிடம் ஒப்படைக்கப்பட்டது.